மலைநாட்டில் தவக்காலம்: ஹட்டனிலிருந்து ஹப்புத்தளை வரை

பெப்ரவரி 17, செவ்வாய்: கொழும்பு, கினிகத்தேனை, ஹட்டன்

ஏன் ரயிலில் போகவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்த பிறகு மலைநாட்டு ரயில் பாதை கிடந்த கிடப்பைப் படத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஆக பஸ்தான். அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி ஹட்டன். கையில் இரண்டு பெரிய பேக், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா கட்டிக்கொடுத்த சாமான்கள். கம்பளிச் சட்டைகள், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, பழைய சேலைக்குள் சுற்றி வைத்த காசு, ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

பேக் இரண்டுக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கொண்டக்டர் ஏறினதும் சண்டைக்கு வந்துவிட்டார். பின் சீட்டில் நோன்புக்கு ஹட்டன் கடைக்குப் பேரீச்சம்பழப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் ஐயா, "அது ரெண்டும் என் பெட்டியோட சேத்திதான் தம்பி" என்று ஒரு பொய் சொல்லி முடித்து வைத்தார். நன்றி சொல்லத் திரும்பினால் மனிதர் அதற்குள் கண்ணை மூடித் தூங்குகிறார்.

கித்துல்கலயில் பிளேன்டீ 60 ரூபாய், வடை 80. வடை நேற்றையது. கினிகத்தேனைக்குக் கீழே பாதையின் ஒரு பக்கம் மண் விழுந்து இன்னும் சரியாகவில்லை, ஒற்றை வழிதான், மேலேயிருந்து ஒரு லொறி வந்து நடுவில் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். எல்லோரும் இறங்கி நின்றோம். என் பக்கத்தில் இருந்த ஆச்சி மடியிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துப் பாதியை என் கையில் வைத்தார், கேட்கவே இல்லை. நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். காசுப் பையைத் திறந்தபோது உள்ளே அந்தோனியார் படம்.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வருகிறாராம். திங்கள் இரவே கொழும்புக்கு வந்து தெரிந்த வீட்டில் படுத்து, விடிய முதல் பூசைக்குப் போய், மெழுகுதிரி கொளுத்திவிட்டு இந்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். மருமகள் குவைத்தில் வீட்டு வேலை, தைப்பொங்கலுக்குப் பிறகு போன் இல்லை. நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், அந்தக் கோயிலின் மணிச் சத்தத்தில். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த அதே கோயில். இவ்வளவு தூரம் வந்து அங்கே போகிறீர்களே, அத்தனை பேர் செத்த இடமாயிற்றே என்று கேட்டேன். "அவருக்குந்தானே அடிபட்டுச்சு" என்றார் ஆச்சி. அவ்வளவுதான். மற்றப் பாதித் தோடம்பழத்தையும் என்னிடமே தந்துவிட்டார், பல் கூசுதாம்.

ஹட்டனில் இறங்கும்போது இருட்டிவிட்டது. தோட்டத்துக்கு ஆட்டோ 1,800. பெரியம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏம் புள்ள, தலைக்கு ஒண்ணும் கட்டாமயா வந்த?"

பெப்ரவரி 18, திருநீற்றுப் புதன்: தோட்டம்

பெரியம்மாவின் சொந்தக் காம்பராவுக்குப் போக முடியாது. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது, ஆபத்தான இடம், இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது இன்னொரு லயத்தில், தம்பி முறையான ஒருவரின் தொங்கல் காம்பராவில் (வரிசையின் கடைசி அறை), இரண்டு குடும்பம் சேர்ந்து. ஆனாலும் பகலில் பழைய இடத்துக்குப் போகிறார், கறிவேப்பிலையும் கீரையும் அங்கேதானே இருக்கிறது. நானும் போனேன். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. யாரோ அதற்குள் சாக்கைத் திணித்து மேலே தகரம் போட்டிருந்தார்கள், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க.

காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும். தவக்காலம் தொடங்குகிறது, இன்றைக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடு என்று நான் ஞாபகப்படுத்தினேன். "மலைக்குக் கொழுந்து எடுக்கப் போற ஆளுக்கு அதெல்லாம் கணக்கில்ல, நீ சும்மா இருக்கிறவ, நீ இரு" என்று பெரியம்மா இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டார். நான் பட்டினி.

சாயந்தரம் கோயில். கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தகரக் கூரை, சிமெந்துத் தரை, முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். சாமியாருக்கு இந்தப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள், இன்றைக்கு இங்கே வர முறை இல்லை, அதனால் உபதேசியார்தான் வழிபாடு நடத்தினார். பகலில் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிற மனிதர், கையில் தேயிலைத் தூள் வாசம் போகாமலே வந்திருந்தார். போன வருசத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் மூடியில்.

சாம்பல் பூசும்போது சொல்வதற்குத் திருச்சபையில் இரண்டு வசனம் உண்டு. ஒன்று, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்பது. மற்றது, மனம் மாறி நற்செய்தியை நம்பு என்பது. கொழும்பில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டது முதலாவதுதான். உபதேசியார் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் இரண்டாவதையே சொன்னார். கடைசி ஆள் வரைக்கும். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் அக்கா குடும்பம் பதுளைப் பக்கம், நவம்பர் மழையில் மண்ணுக்கு அடியில் போய்விட்டது, இரண்டு பேரை எடுக்கவே இல்லை. வெளியே வந்த பிறகு உபதேசியாரிடம் கேட்டேன். "அந்தப் பேச்ச இந்த வருசம் எப்படிம்மா சொல்றது" என்றார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. இந்தப் பயணத்தில் நான் கேட்ட நல்ல பிரசங்கம் அதுதான், அதில் பிரசங்கமே இல்லை.

கோயில் சுவரில் புனித யோசப் வாஸ் அடிகளாரின் படம். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான், உபதேசியார் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. கோவாவில் பிறந்தவர், 1687ல் கூலியாள் வேசத்தில் யாழ்ப்பாணம் வந்தார், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1692ல் கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். 1696ல் கண்டியில் கடும் வறட்சி, நடுத் தெருவில் பீடம் வைத்து அவர் மழைக்குச் செபித்தார், மழை வந்தது என்று கத்தோலிக்கர் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அடுத்த வருசம் பெரியம்மை வந்தபோது எல்லோரும் ஊரை விட்டு ஓட, அவர் இருந்து நோயாளிகளைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார். 1711ல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் போயிருந்தோம், எனக்கு வெயில் மட்டும்தான் ஞாபகம். "மழை வரணும்னு செபம் பண்ணினவருகிட்டயே போய் மழைய நிப்பாட்டுங்கன்னு கேட்டோம் பாருங்க, அவருக்கே குழம்பியிருக்கும்" என்று உபதேசியார் சிரித்தார்.

இரவு செபமாலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காம்பராவுக்குள் பதினான்கு பேர். அதில் மூன்று நான்கு பேர் கத்தோலிக்கர் இல்லை, பக்கத்துக் காம்பரா அக்கா மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கிறவர், வாசல்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டே எங்களைவிடச் சரியாக மந்திரம் சொல்கிறார். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் யாராவது ஒருவர் இது இன்னாருக்காக என்று சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்தது உலக சமாதானம், நாட்டின் தலைவர்கள், இப்படி. இங்கே வந்ததோ வேறு. வியாழக்கிழமை லோன்காரன் வருவான், 2,400 ரூபாய் குறைகிறது, அதுக்காக. மகன் பேலியகொடை கடையில் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டான், எங்கே படுக்கிறான் என்று தெரியவில்லை, அதுக்காக. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று எழுதிவிட்டார்கள், வெளியில் வாங்கச் சொன்ன மாத்திரை இன்னும் வாங்கவில்லை, அதுக்காக. சொல்கிறவர்கள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோர் கண்ணும் மாதா படத்தின் மேல். சொல்லி முடித்ததும் அருள் நிறைந்த மரியே தொடங்கிவிடுகிறது, யாரும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பதில்லை, ஐயோ பாவம் என்று ஒரு சத்தமும் இல்லை.

விடிந்து பார்த்தால் வாசலில் ஒரு பேப்பரில் சுற்றி நானூறு ரூபாய். பக்கத்தில் இன்னொரு பொட்டலம், அதில் ஒரு அட்டை மாத்திரை. யார் வைத்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. "வாயத் திறந்து கேட்டா அது கடன் புள்ள. செபத்துல சொன்னா கடனில்ல." இந்த ஒரே லயத்தில் எல்லோருக்கும் எல்லோரிடமும் கடன் இருக்கிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்கூலியை 1,350லிருந்து 1,550 ஆக்கி, வேலைக்கு ஒழுங்காக வந்தால் அரசாங்கம் 200 சேர்த்துத் தரும், மொத்தம் 1,750 என்று அறிவித்தார்களே, அதைப் பற்றிக் கேட்டால், மண் விழுந்த மலையில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

என் முறை வந்தபோது எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன். பெரியம்மா விடவில்லை, "மார்ச்சோட அவ ஆபீச மூடுறாங்களாம், அதுக்காக" என்று சொல்லிவிட்டார். அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

பெப்ரவரி 19, வியாழன்: காசல்ரீ, பிறகு நுவரெலியா

கிளம்புவதற்கு முன்னால், அந்த நவம்பர் ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். பெரியம்மா மா பிசைந்துகொண்டே சொன்னார். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, மேலே மலைக்குள் கல் உருளுகிற சத்தம். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். செபமாலை கையில் இருந்ததாம், ஆனால் ஒரு மந்திரமும் வாயில் வரவில்லையாம், அறுபது வருசமாகச் சொன்னது அப்படியே மறந்துபோய், ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் விடியும் வரை. பக்கத்தில் ஒரு தாத்தா தேவாரம் பாடியிருக்கிறார், அவருக்கும் பாதிதான் வந்ததாம், அந்தப் பாதியையே திரும்பத் திரும்ப.

அப்போ செபத்தால்தான் மலை நின்றதா என்று கேட்டேன். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் செத்த புயல், இந்தக் கேள்வி எனக்குள் மூன்று மாதமாக இருந்தது. பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செத்த லயத்துலயும் செபம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க." மாவுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

வழியில் வார்லி தேவாலயம். 1878ல் தோட்டத்துரைமார் கட்டிய அங்கிலிக்கன் கோயில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி கருங்கல்லில் நிற்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். சுற்றி வரக் கல்லறைகள், ஆங்கிலப் பெயர்கள், சின்ன வயதில் போனவர்களும் உண்டு. மலையை வெட்டித் தேயிலை போட்ட நம் ஆட்களின் பெயர் ஒரு கல்லிலும் இருக்காது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் தேடினேன். அவர்களுக்காக 1854லேயே ஒரு மிஷன் தொடங்கியிருந்தார்கள், அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்து வருகிறவர்களிடம் பேசியிருக்கிறார்கள். கூலி என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை. நடந்தவர்கள்மேல் வந்தது, அந்த ஏற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்து மூச்சு வாங்கிய பிறகு.

நுவரெலியாவில் அறை 4,500, ஹீட்டர் இருக்கிறது என்றார்கள், இருந்தது, சூடாகவில்லை. வீட்டுக்கார அம்மா மன்னிப்புக் கேட்டு ஒரு வாளி வெந்நீரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், கூடவே இஞ்சித் தேத்தண்ணி. அவ்வளவு அன்பாக இருந்தவர், சாயந்தரம் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வாங்க மகள் என்று கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை.

வாடகை ஹோல், பிளாஸ்டிக் கதிரைகள், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். பாட்டெல்லாம் நன்றாகவே இருந்தது, குளிருக்குக் கை தட்டுவது நல்லது. அப்புறம் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் எழும்பினார். உண்மையான விசுவாசிகள் வீட்டில் புயலுக்கு ஒரு தகரம்கூடப் போகவில்லை என்றார். அல்லேலூயா என்று பதில் வந்தது, ஆனால் பின் வரிசைகளிலிருந்து வரவில்லை, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முகாமிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் காணிக்கைக் கவர் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் கவரை நான்காக மடித்து, வெறுமையாகவே, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கஷ்டப்படுகிறவனிடம் போய் உன் விசுவாசத்தில் குறை என்று சொல்கிறவரைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. எந்தச் சபையாக இருந்தாலும், எங்கள் சபையாக இருந்தாலும்.

ஆனால் அதே ஹோலில் இன்னொன்றும் பார்த்தேன், அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. பிரசங்கியார் வாகனத்தில் ஏறிப் போன பிறகு உள்ளூர்ப் பாஸ்டரின் மனைவி கதவோரம் ஒரு சீஆர் கொப்பியோடு உட்கார்ந்தார். வரிசையாக வந்து சொன்னார்கள், அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன், பெயர், விண்ணப்பம், கடைசியில் ஒரு சின்னக் கட்டம். கூரைத் தகரம் 4. சப்பாத்து, சைஸ் 3. பிறப்புச் சான்றிதழ் மண்ணில் போயிற்று, புதிது எடுக்கணும். புருசன் குடியை விடணும். முந்தின பக்கங்களில் பாதிக் கட்டங்களுக்குமேல் சரி போட்டிருந்தது. குடிக்கு மட்டும் ஒரு பக்கத்திலும் சரி இல்லை.

பெப்ரவரி 20, வெள்ளி: வெலிமடை, ஹப்புத்தளை

சீக்கிரம் முடிக்கிறேன், பாதி நாள் பஸ்ஸில். வெலிமடையில் இறங்கி மாறினேன், சந்தைப் பக்கம் கெரட்டும் லீக்ஸும் மூட்டை மூட்டையாக, சோறும் மூன்று கறியும் 350, கருவாடு சேர்த்தால் 450. நான் சேர்க்கவில்லை, தவக்கால வெள்ளி. கடைக்காரத் தம்பி நெற்றியைப் பார்த்துவிட்டுத் தானாகவே கருவாட்டுச் சட்டியைத் தள்ளி வைத்தான். புதன்கிழமைச் சாம்பல் எப்போதோ போயிருக்கும், வேறு எதை வைத்துக் கண்டுபிடித்தானோ.

ஹப்புத்தளையில் மூடுபனி, எதிரே வரும் ஆட்டோவின் விளக்குக்கூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. துறவிகளின் மடமான அடிசம் பங்களாவுக்கு 700 ரூபாய் கொடுத்துப் போனால் கேட் பூட்டு. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பள்ளிக்கூட விடுமுறை, இந்த நாட்களில்தான் வெளியாட்களை விடுவார்களாம். கொண்டுபோன ஆட்டோக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது என்பது என் சந்தேகம். திரும்ப இன்னொரு 700.

பெப்ரவரி 21, சனி: அடிசம், கொஸ்லாந்தை

இன்றைக்கு வேறு ஆட்டோ, இந்தத் தம்பியின் வீடு கொஸ்லாந்தைப் பக்கம். முழு நாளுக்கு 6,500 பேசினோம். முன் கண்ணாடியில் பிள்ளையார்.

அடிசம் 1931ல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை கட்டிய மாளிகை, அறுபதுகளிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஜாம், கோர்டியல் எல்லாம் அவர்களே செய்து விற்கிறார்கள். ஸ்ட்ரோபெரி ஜாம் ஒன்றும் கொய்யா ஒன்றும் வாங்கினேன். கடையில் நின்ற துறவி மிச்சக் காசை ஒவ்வொரு தாளாக நீவி எண்ணிக் கொடுத்தார். இடம் அழகுதான், அமைதிதான், ஆனால் லயத்துக் காம்பராவில் பதினான்கு பேரோடு செபமாலை சொல்லிவிட்டு வந்தவளுக்கு அந்த விசாலமான புல்வெளி கொஞ்சம் அந்நியமாகவே இருந்தது.

பிறகு மீரியபெத்த. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம், கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் லயங்கள் மண்ணுக்கு அடியில் போன இடம். அபாயமான இடம் என்று முன்னாலேயே எச்சரிக்கை வந்திருந்தது, போவதற்கு வேறு வீடுதான் இல்லை. இப்போது போனால் பார்க்க ஒன்றுமில்லை, பற்றை மூடிவிட்டது. தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பத்து வயது, அவன் வகுப்பில் இரண்டு கதிரை காலியானது. அதற்கு மேல் அந்த இடத்தில் வைத்து அவன் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில், தேத்தண்ணிக் கடையில், தானாகச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் அம்மா ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தாராம். வீட்டில் சண்டை, பாட்டி மூன்று மாதம் பேசவில்லை. அவன் போவதில்லை, பிள்ளையார்தான். ஆனால் ராத்திரி மழை பிடித்தால் அம்மா எழும்பி, விளக்கைப் போட்டு, 46ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பார். மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும் நாம் பயப்படோம் என்று வருகிற சங்கீதம் அது. ஏன் அவ்வளவு சத்தமாக என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரங்களும் எழும்பட்டும் என்றாராம்.

"அம்மா வாசிக்க ஆரம்பிச்சா நான் டோர்ச்ச எடுத்துக்கிட்டு வெளிய போயிருவேன் அக்கா. வடிகான்ல தண்ணி தெளிவா வருதா, கலங்கி வருதான்னு பாக்கணும். கலங்கிச்சுன்னா மேல மண்ணு அசையுதுன்னு அர்த்தம். ஊத்து இல்லாத எடத்துல தண்ணி வந்தாலும் அப்படித்தான். மரம் சாஞ்சிருக்கான்னு பாக்கணும், கதவு இறுகுதான்னு பாக்கணும்." கையைக் குவித்துத் தண்ணீரை எப்படி எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பது என்று செய்துகாட்டினான், தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு. நவம்பரில் தண்ணீர் கலங்கியதாம். அம்மா சங்கீதத்தை முடிக்கவில்லை, அவன் வந்து கதவைத் தட்டிவிட்டான், பக்கத்து வீடுகள் ஏற்கெனவே முழித்திருந்ததால் எல்லோரையும் கிளப்ப அதிக நேரம் எடுக்கவில்லை. அவர்கள் மேடு சரியவில்லை. ஆனாலும் மூன்று ராத்திரி பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருக்கிறார்கள்.

அம்மாவையும் பார்க்கலாமா என்று கேட்டேன். இன்றைக்கு உபவாசக் கூட்டமாம், வீட்டில் இல்லை. 6,500க்கு மேல் 500 கொடுத்தேன், வாங்கிக்கொண்டான், ஆனால் வழியில் நிறுத்தி அதே காசுக்கு எனக்குப் பெரிய பையொன்றில் பேரிக்காய் வாங்கிக் கொடுத்தான்.

பெப்ரவரி 22, ஞாயிறு: ஹப்புத்தளை, கொழும்பு

காலைப் பூசை, பிறகு பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக இறக்கம். இரத்தினபுரிக்கு வந்ததும் கம்பளியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது, அவ்வளவு புழுக்கம். கொய்யா ஜாம் போத்தலின் மூடி எப்படியோ கழன்று பேக் முழுக்க ஜாம். இரண்டு சட்டை, ஒரு துவாய், பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. பக்கத்து சீட்டு அக்கா தன் தண்ணீர்ப் போத்தலை முழுதாக ஊற்றித் துடைக்க உதவினார், துடைத்துவிட்டு விரலை நக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஸ்ட்ரோபெரியைத் திறந்து அவருடைய பாணுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன்.

பெப்ரவரி 25, புதன்: வீட்டிலிருந்து

எழுதி முடித்துவிட்டதாக நினைத்தேன். நேற்று இரவு தெரியாத ஒரு நம்பரிலிருந்து போன். பெரியம்மாவின் லயத்தில் வாசல்படியில் இருந்து பேன் பார்த்தாரே, அந்த அக்காவின் நாத்தனார், வத்தளையில் ஒரு கார்மெண்டில் லைன் சூப்பர்வைசராம். "உங்களுக்காகத் தினமும் சொல்றாங்களாமே, மார்ச்சோட வேலை போகுதுன்னு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொழும்பில் என் ஆபீஸ் விசயம் பக்கத்து வீட்டுக்கே தெரியாது, டிக்கோயா மலையில் ஒரு லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, அங்கிருந்து வத்தளைக்கும் வந்தாயிற்று. என்ன படிச்சிருக்கீங்க, கணக்கு வேலை தெரியுமா, சிங்களம் எழுத வருமா என்று அடுக்கிக்கொண்டே போனார். நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். ஸ்டோர்ஸ் பக்கம் ஒரு கிளார்க் இடம் இருக்கிறதாம், சம்பளம் இப்போதையதைவிடக் குறைவு, பஸ் காசு தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சீவியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.